கார்புரேட்டரை மாற்றுவதா, மிஷினையே மாற்றுவதா?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகுதான் எங்கள் ஊரில் பலரும் சொந்தமாக மரம் அறுக்கும் மிஷின் வாங்கினோம். அதற்கு முன்பு ஆள் வைத்து அறுப்பதே வழக்கம். புயலுக்குப் பிறகோ அறுக்கும் ஆளுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் பெயர் பெற்ற கம்பெனி ஒன்றின் சிறிய மிஷினை, முப்பது சிசி வகையை, வாங்கினேன். என் மைத்துனர் அதில் பாதி விலைகூட இல்லாத, பெட்டியில் 58 சிசி என்று அச்சிட்டிருந்த ஒரு மிஷினை ஆன்லைனில் வரவழைத்தார். போன மழைக்காலம் முடிந்து எடுத்தபோது இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே நோயில் படுத்தன. கயிற்றை இழுத்தால் சோக்கில், அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் நிலையில், உறுமும். சோக்கைத் தள்ளிவிட்டதும் இரண்டு மூச்சு விட்டு அணைந்துவிடும்.

மெக்கானிக் இரண்டையும் ஆளுக்கு ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்தார். "கார்பரேட்டர் போயிருச்சு சார், புதுசு மாத்திருவோம்" என்று இரண்டுக்கும் ஒரே தீர்ப்பைச் சொன்னார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்தான் கார்புரேட்டர். அந்தத் தீர்ப்பு ஒரு மிஷினுக்குப் பாதி சரி, மற்றதற்கு முழுத் தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. கார்புரேட்டரைக் கழுவி மாட்டுவது, உள்ளே இருக்கும் டயாப்ரம் என்ற படலங்கள் அடங்கிய கிட்டை மட்டும் மாற்றுவது, கம்பெனி கார்புரேட்டர் வாங்குவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகலை மாட்டுவது, மிஷினையே கைகழுவிவிட்டுப் புதியது வாங்குவது என்று ஐந்து வழிகள் எங்கள் முன் இருந்தன. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைக் கார்புரேட்டரின் நிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, அது மாட்டியிருக்கும் மிஷினும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் காப்பது ஒரு மிதவை. மரம் அறுக்கும் மிஷினைப் படுக்கையாகவும் சாய்த்தும் சில நேரம் தலைகீழாகவும் பிடிக்க வேண்டியிருப்பதால் மிதவை அங்கே உதவாது. மிதவைக் கார்புரேட்டர் இருந்த காலத்து மிஷின்களில், மரத்தை அடியில் படுக்கையாக அறுக்க வேண்டுமானால் எஞ்சினை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு செயின் ஓடும் பாரை மட்டும் திருப்பிப் பூட்டுவார்களாம். அந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் டயாப்ரம் கார்புரேட்டர். அதற்குள் மெல்லிய படலங்கள் இரண்டு உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழே இருக்கும் கிராங்க்கேஸ் என்ற அறைக்குள் ஏற்படும் அழுத்த மாற்றம் ஒரு சிறு துளை வழியாக வந்து முதல் படலத்தைத் துடிக்கச் செய்கிறது. அந்தத் துடிப்பே பம்பாக வேலை செய்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மீட்டரிங் டயாப்ரம் எனப்படும் இரண்டாவது படலத்தின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல். எஞ்சின் உறிஞ்சும்போது இது உள்நோக்கிக் குழிந்து ஒரு சிறு நெம்புகோலை அழுத்த, ஊசி வால்வு திறந்து தேவையான அளவு பெட்ரோலை மட்டும் விடுகிறது. ஆக, முழு எஞ்சினும் ஒரு பத்துரூபாய் நாணய அளவுள்ள படலத்தின் மென்மையை நம்பியே ஓடுகிறது.

அந்த மென்மையைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் ஊற்றும் பெட்ரோல்தான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் டேங்கிலேயே மாதக்கணக்கில் நின்றால், பெட்ரோல் ஆவியாகி, பழுப்பு நிறத்தில் ஒட்டும் வார்னிஷ் மட்டும் துளைகளில் படிகிறது. இது எப்போதும் இருந்த சிக்கல். புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். நாடு முழுவதும் சராசரியாகப் பத்து சதவீதக் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. இருபது சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கிப் படிப்படியாக எல்லா பெட்ரோல் பங்குகளுக்கும் வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கையால் திருகிச் சரிசெய்யும் மிஷின்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றே தயாரிப்பாளர்களின் கையேடுகள் பலவும் சொல்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பரையும் படலத்தையும் முதலில் ஊறவைத்து, காய்ந்ததும் விறைக்கவைக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாதி டேங்க் பெட்ரோலோடு கொட்டகையில் தொங்கிய மிஷினுக்கு வேறு நோய்க் காரணம் தேடத் தேவையில்லை. "இப்போது வரும் சாமான் எல்லாம் தகரம்" என்ற புலம்பலில் ஒரு பங்கையாவது இந்தக் கணக்கில் கழித்துவிட வேண்டும்.

சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால் அதற்கு இரண்டே பொருள்தான்: பெட்ரோல் போதாமல் வருகிறது, அல்லது காற்று தேவைக்கு மேல் வருகிறது. கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. எல்லாமே பத்து, ஐம்பது ரூபாய்ச் சமாச்சாரங்கள். டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால், காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பத்து நிமிடம் நன்றாக ஓடி அணைந்து, மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அதுதான். டேங்குக்குள் குழாய் நுனியில் இருக்கும் ஃபில்டரை வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குழாய் டேங்குச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில், வளைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய வெடிப்புகள் இருக்கலாம். சைலன்சர் வாயில் வலை இருந்தால் அதில் கரி அடைத்திருந்தாலும் எஞ்சின் ஏறாது. ஏர் ஃபில்டரையும் மறந்துவிடக் கூடாது. தென்னை அறுக்கும்போது பறக்கும் ஈரநார்த் தூள் தேக்கு, வேம்புத் தூளைப் போல உதிராமல் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும்.

அடுத்தது காற்றுக்கசிவு. இதைச் சரிபார்க்காமல் புதுக் கார்புரேட்டர் மாட்டுவது இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குத் தேவையான ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. கசிவு வழியாக வெறுங்காற்று நுழைந்தால் பெட்ரோல் குறைகிறது. அதோடு ஆயிலும் குறைகிறது. புதுக் கார்புரேட்டரின் வேகத்தில் மிஷின் ஒரு வாரம் பிரமாதமாகக் கத்தி அறுக்கும். பிறகு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முறையான பரிசோதனை, எக்சாஸ்ட் வாயையும் இன்டேக் வாயையும் ரப்பரால் அடைத்து, கிராங்க்கேஸில் 0.5 பார் அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது. அதன் பிறகு அதே அளவுக்குக் காற்றை உறிஞ்சி, முள் இருபது விநாடிக்குள் 0.3 பாருக்குக் கீழே போகாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் சீல்கள் அழுத்தத்தில் தாங்கி, உறிஞ்சும்போது மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடும் என்பதால் இரண்டும் அவசியம். இந்தக் கைப்பம்பு எல்லா மெக்கானிக்குகளிடமும் இருப்பதில்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் சட்டென்று இறங்காமல் தொங்குவது, மிஷினைச் சாய்க்கும்போது ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம், கூடிக் குறைவது ஆகிய இரண்டும் பம்பு இல்லாதவருக்குக் கிடைக்கும் துப்புகள்.

மைத்துனரின் மிஷினில் நோய் அங்கேதான் இருந்தது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெப்பம் தாக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை உண்டு. அதைக் கழற்றி, அதன் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தபோது நடுவில் மெல்லிய பிறைபோல் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் கட்டை வளைந்திருக்கிறது. போல்ட்டுகளும் அதிர்வில் தளர்ந்திருக்கின்றன. கண்ணாடித் துண்டின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, அந்தக் கட்டையைப் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்து முகத்தைச் சமமாக்கி, புது கேஸ்கட் வைத்துப் பூட்டினோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பம்புத் துடிப்பு வரும் சிறு துளை இந்த வகை மிஷின்களில் அதே கட்டை வழியாகவே போகிறது; கேஸ்கட்டைத் தலைகீழாக வைத்தால் துளை மூடிக்கொண்டு ஒரு சொட்டுப் பெட்ரோலும் வராது. புதுக் கார்புரேட்டர் மாட்டியும் ஓடவில்லை என்று திரும்பி வரும் மிஷின்களில் சிலவற்றின் கதை இதுதான்.

என் மிஷினில் கசிவு இல்லை. அங்கே மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. கார்புரேட்டரைக் கழற்றி மூடியைத் திறந்து, மீட்டரிங் டயாப்ரத்தை விரல் நுனியில் லேசாக வளைத்தேன். சீலைத் துணிபோல் மடங்க வேண்டியது, பொரிக்காத அப்பளத்தை வளைத்தாற்போல் சரசரத்தது. ஊசி வால்வுக்கு முன்னால் இருக்கும், மிளகு அளவேயான வலையில் தேன் நிறத்தில் பசை. உடல் பகுதியில் தேய்மானமோ அரிப்போ இல்லை. இப்படிப்பட்ட நிலையில் முழுக் கார்புரேட்டரையும் மாற்றுவது, வாஷர் தேய்ந்ததற்காகக் குழாயையே மாற்றுவதற்குச் சமம்.

கழுவி மாட்டுவதற்கும் கிட் மாற்றுவதற்கும் இடையே தேர்வு எளிது. பெட்ரோல் நின்று அடைத்தது மட்டும்தான், டயாப்ரம் இன்னும் மென்மையாக இருக்கிறது என்றால் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே போதும். டயாப்ரம் விறைத்துவிட்டால் கழுவுவது ஒரு மாதத்துக்கான ஆறுதல். அதே அடைப்பு, அதே அலைச்சல் திரும்பிவரும். கிட்டில் படலங்கள், கேஸ்கட்டுகள், ஊசி, நெம்புகோல், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து வரும். வாங்கும்போது மிஷினின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, கார்புரேட்டரின் உடலில் வால்ப்ரோ, ஜாமா, டில்லட்சன் என்று பொறித்திருக்கும் பெயரையும் அதனடியில் இருக்கும் எண்ணையும் சொல்லிக் கேட்பதே நல்லது. ஒரே மாதிரி மிஷினுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கார்புரேட்டர் வந்திருக்கும். துளைகளுக்குள் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவைக் கணக்கு கெட்டுவிடும். படலம் உள்ளே இருக்கும்போது கம்ப்ரசர் காற்றும் அடிக்கக் கூடாது. பெரும்பாலான மாதிரிகளில் மீட்டரிங் பக்கத்தில் முதலில் கேஸ்கட், அதன்மேல் படலம். பம்புப் பக்கத்தில் முதலில் படலம், அதன்மேல் கேஸ்கட். விதிவிலக்குகள் இருப்பதால் கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டி முடித்ததும் பெட்ரோல் வரும் முனையில் 0.8 பார் அழுத்தம் கொடுத்து, முள் இறங்காமல் நின்றால் ஊசி வால்வு சரியாக அடைக்கிறது என்று பொருள்.

உடலே அரித்துப்போயிருந்தால், உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால், அல்லது ஆக்சிலேட்டரோடு திரும்பும் திராட்டில் தண்டு ஓட்டையில் ஆடினால் கிட் பயன்படாது, முழுக் கார்புரேட்டர்தான். அப்போது கம்பெனிப் பொருளா, நகலா என்ற கேள்வி எழுகிறது. நகல் என்றாலே குப்பை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய மிஷின்களிலும் பெரிய மிஷின்களிலும் மூன்று திருகுகள் இருக்கும்: குறைந்த வேகத்துக்கு 'எல்', முழு வேகத்துக்கு 'எச்', ஐட்லிங்குக்கு ஒன்று. நகலின் துளை சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் 'எல்', 'எச்' இரண்டையும் திருகி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்றைய சிறிய மிஷின்கள் பலவற்றில், ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 170, 180 போன்ற பரவலான மாதிரிகள் உட்பட, பெரும்பாலும் ஐட்லிங் திருகு மட்டுமே இருக்கிறது. பெட்ரோல் அளவு தொழிற்சாலையிலேயே துளையின் விட்டத்தால் நிரந்தரமாகத் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அத்தகைய மிஷினில் நகல் கார்புரேட்டர் மாட்டினால், துளை சரியாக அமைந்தால் அதிர்ஷ்டம், அமையாவிட்டால் திருத்த வழியே கிடையாது. அதனால் திருகு குறைவான மிஷினுக்குக் கம்பெனிப் பொருள்தான் வேண்டும். மைத்துனரின் விலைமலிவான மிஷினில் மூன்று திருகும் இருக்கின்றன. அதற்கு வேறொரு நகலை மாட்டுவதில் இழப்பு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதில் முதலில் இருந்ததும் நகலே. பழுதுபார்க்கும் விஷயத்தில் மலிவான மிஷின் விலை கூடியதைவிட எளிதாக இருக்கிறது என்பது சற்றே கசப்பான வேடிக்கை.

திருகுகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டையும் மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுப்பது பல மாதிரிகளுக்கும் தொடக்க நிலை. எஞ்சின் சூடான பிறகு, ஆக்சிலேட்டரை அழுத்தும்போது தயங்கினால் 'எல்'லைச் சிறிது திறக்க வேண்டும். 'எச்' விஷயத்தில் காதுதான் கருவி. வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் சுத்தமாக இல்லாமல் 'புரபுர' என்று சற்றுத் தடித்திருக்க வேண்டும். மரத்தில் இறங்கியதும் அந்தப் புரபுரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே விசில்போலக் கிறீச்சிட்டால் பெட்ரோல் போதவில்லை. அறுப்பவர்கள் பலருக்கு அந்தக் கிறீச்சல்தான் பிடிக்கும். "நல்லா எகிறுது" என்பார்கள். சிலிண்டர் கிட் விற்பவருக்கும் அது பிடிக்கும். ஐட்லிங்கில் செயின் ஓடக் கூடாது என்பதும் கார்புரேட்டர் சார்ந்த விஷயமே. அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஐட்லிங் திருகை ஏற்றிவைத்து, கையில் பிடித்து நடக்கும்போது செயின் சுற்றிக்கொண்டே வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மிஷினை உடனே அணைத்துவிட வேண்டும்.

இனி தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய மிஷினைக் கழற்றியவர் இன்றைய சிறிய மிஷினைக் கழற்றினால் முகம் சுளிப்பார் என்பது உண்மை. தொழில்முறை மிஷின்களில் கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலப்பு உலோகத்தில் வார்த்து, நெடுக்குவாட்டில் இரண்டு பாதியாகப் பூட்டியிருக்கும். சிலிண்டரை மட்டும் தனியே கழற்றி, ஒரு மதியத்தில் பிஸ்டன் மாற்றிவிடலாம். சிறிய மிஷின்களில் எஞ்சின் தனியாக ஒரு பெட்டகம்போல் செய்யப்பட்டு, சிலிண்டரின் கீழ்ப்பகுதியே கிராங்க்கேஸின் மேல்பாதியாகி, அடியில் ஒரு தட்டால் மூடி, அந்த மொத்தப் பெட்டகமும் பிளாஸ்டிக் உடலுக்குள் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே வெளியே எடுத்துப் பிளக்க வேண்டும், கூலி கூடுகிறது. திருகுகள் பிளாஸ்டிக்கில் கடிக்கின்றன. நான்கைந்து முறை கழற்றிப் பூட்டினால் பிடி விட்டுப்போகிறது. என் மிஷினில் ஏர் ஃபில்டர் மூடியின் பிடி மூன்றாம் ஆண்டே உடைந்து, இன்றுவரை சைக்கிள் டியூப் துண்டில் நிற்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் கம்பெனியின் பேராசை என்று சுருக்குவது நியாயமாகாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைக் கட்டுப்பாடு சிறிய எஞ்சின்களுக்கும் வந்தபோது, யாரும் திருகிப் பெட்ரோலைக் கூட்டிவிடாதபடி திருகுகளுக்குத் தடைமூடி போட்டார்கள், அல்லது திருகையே நீக்கினார்கள். விலை கூடிய மாதிரிகளில் ஸ்டில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா ஆட்டோட்யூன் என்ற பெயர்களில் மின்னணுக் கட்டுப்பாடு வந்து, கலவையை மிஷினே சரிசெய்துகொள்கிறது; எத்தனால் கூடினாலும் ஓரளவு சமாளித்துக்கொள்கிறது. அவை கெட்டால் மரத்தடி மெக்கானிக் எதுவும் செய்ய முடியாது என்பது அதன் மறுபக்கம். பிளாஸ்டிக் உடலுக்கு எடை குறைவு என்ற நன்மையும் இருக்கிறது. நாள் முழுதும் தூக்கிப் பிடிப்பவருக்கு அரைக் கிலோ சின்ன விஷயமல்ல. நான் கண்டது, தரம் ஒரே சீராக இறங்கிவிடவில்லை. ஒரே சின்னத்தின் கீழ் இரண்டு வேறு வகை மிஷின்கள் விற்கப்படுகின்றன என்பதே. கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது நிறமும் பெயரும் ஒன்றாக இருப்பதால், கீழ்த்தள விலைக்கு மேல்தளத்துப் பொருளை எதிர்பார்த்து வாங்கிவிடுகிறோம். பார் பூட்டும் போல்ட்டுகள் உலோகத்தில் இறங்குகின்றனவா பிளாஸ்டிக்கிலா என்பதையும், கார்புரேட்டர் பக்கம் எத்தனை திருகு தெரிகிறது என்பதையும் கடைக்காரரிடம் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் எந்தத் தளம் என்பது விளங்கிவிடும்.

மலிவான மிஷின்களின் கதை வேறு. மைத்துனரின் மிஷினைப் பிரித்திருந்த நேரத்தில் வெர்னியர் வைத்து அளந்தேன். சிலிண்டரின் விட்டமான போர் 45.2 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 34 மி.மீ. கணக்குப் போட்டால் 54.6 சிசி வருகிறது. பெட்டியில் இருந்தது 58. பெட்டியிலேயே சக்தி 2.4 கிலோவாட் என்றுதான் போட்டிருந்தது. ஸ்டில் எம்எஸ் 250 அதே அளவை ஒட்டிய 2.3 கிலோவாட்டை 45.4 சிசியில், 4.6 கிலோ எடையில் தருகிறது. சிசி எண்ணைப் பார்த்து வாங்குபவர் எடையைத்தான் கூடுதலாக வாங்குகிறார். இதையும் சொல்ல வேண்டும்: அந்த மிஷினுக்குப் பிஸ்டன் முதல் ஸ்டார்ட்டர் வரை எல்லா உதிரிப்பாகமும் மாவட்டத் தலைநகரில் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கிறது, விலையும் பயமுறுத்துவதில்லை. கூட வரும் செயினையும் பாரையும் முதல் நாளே ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக வாங்கிப் போட்டால் பாதிக் குறை தீரும். தென்னையின் வெளிவட்டம் நார் இறுகி, செயினின் கூர்மையை வேகமாக மழுக்கும். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கும்போது எஞ்சின் திணறுவதை, கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துத் திருகைத் தொடுபவர்கள் ஏராளம்.

புதிதாக வாங்குவதானால் யாருக்கு எது என்பதை வேலை நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பட்டுப்போன தென்னையும் கொஞ்சம் வேலிமரமும் அறுக்கும் என்னைப் போன்றவருக்கு மேல்தளத்து மிஷின் வீண். முறையாகப் பெட்ரோலை வடித்து வைத்தால் சிறிய மிஷினே பத்தாண்டு போகும். தோப்புப் பெரியது, அடிக்கடி தடிமரம் வருகிறது என்றால் 45 சிசி வகை. சவுக்கு வெட்டு எடுத்துத் தினமும் ஆறு மணி நேரம் ஓட்டுபவர் உலோகக் கிராங்க்கேஸ் உள்ள 50 சிசிக்கு மேற்பட்ட மிஷினைத்தான் வாங்க வேண்டும். எம்எஸ் 261 போன்றவை எம்எஸ் 250ஐவிட ஐந்து சிசிதான் கூடுதல். சக்தியோ 3 கிலோவாட். எடை வித்தியாசம் முந்நூறு கிராம் அளவே. விலை வித்தியாசத்தைப் பார்த்து மலைப்பவர், ஒரு சீசனில் மிஷின் நின்றுபோகும் நாட்களின் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். பேட்டரி மிஷினில் கார்புரேட்டர் தொல்லை அறவே இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கும் கிளை கழிப்பதற்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தோப்புக்கு நடுவே மின்சாரம் இல்லாத இடத்தில் நாள் முழுதும் தடிமரம் அறுக்க அது போதாது. ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டுமே வேலை உள்ளவர் எதையும் வாங்காமல் ஆளோடு மிஷினை வாடகைக்கு அழைப்பதே நல்லது. கெடும் பெட்ரோல் வாடகைக்கு வரும் மிஷின்காரர் டேங்கில் இருக்கட்டும்.

எந்த மிஷினானாலும் பெட்ரோல் விஷயத்தில் நாங்கள் இப்போது கடைப்பிடிப்பது இதுதான். மூன்று வாரத்தில் தீரும் அளவுக்கு மேல் கலப்பதில்லை. கையேடு 50க்கு 1 என்றால் ஐந்து லிட்டருக்கு 100 மில்லி, 25க்கு 1 என்றால் 200 மில்லி, அளவுக் குப்பியில் அளந்தே ஊற்றுகிறோம். ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்று இரு மடங்கு ஊற்றுபவர்கள், ஆயில் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மெலிகிறது என்பதை நினைப்பதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கை வடித்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஐட்லிங்கில் ஓடவிட்டு மாட்டிவைக்கிறோம்.

என் மிஷினுக்குக் கம்பெனி கிட் போட்டேன். ஆறு மாதமாக இரண்டாவது இழுப்பில் பிடிக்கிறது. படலம் மறுபடி விறைத்தால் இன்னொரு கிட் போடுவேன். கார்புரேட்டர் உடலே போனால் கம்பெனிக் கார்புரேட்டரை ஒரு முறை வாங்குவேன். பிஸ்டன் போனால் மட்டும் அந்தப் பெட்டகத்தைப் பிளக்கச் செலவழிக்காமல் 45 சிசிக்குப் போய்விடுவேன். மைத்துனரோ கட்டையைத் தேய்த்தே மிஷின் ஓடிவிட்ட பிறகும் சில நூறு ரூபாய்க்கு ஒரு நகல் கார்புரேட்டர் வாங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறார். அவர் மிஷினுக்கு அது நியாயமான செலவுதான்.